வந்த கடிதம் எங்கே போனது?

“மிஸ், இண்டைக்கும் ஒண்டும் வரேல்லையோ?”

2022 ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அந்த அக்கா எங்கள் அலுவலகப் படியில் நின்று என்னிடம் இப்படிக் கேட்டது நான்கு தடவைகள். நான்கு தடவையும் அவருடைய மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு, “இல்லை அக்கா” என்று சொன்னேன். முதல் இரண்டு தடவை நான் சொன்னது சரி. அடுத்த இரண்டு தடவை சொன்னது பிழை. அவருக்குரிய கடிதம் ஜூன் 2 ஆம் திகதியே வந்திருந்தது. நான் பார்க்காத ஒரு பெட்டிக்குள் அது கிடந்தது.

அந்த அக்காவின் ஊர் பரந்தனுக்கு அப்பால். 2009 இல் கணவரைத் தொலைத்தவர். மூன்று பிள்ளைகள். வீட்டில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் இடித்துப் பைக்கற்றில் அடைத்துக் கடைகளுக்குப் போட்டுத்தான் மூன்று பேரையும் படிக்க வைத்தார். சிறிய அரைக்கும் மெசின் ஒன்று இருந்தால் தோள்மூட்டு நோவு குறையும், இரண்டு மடங்கு வேலையும் செய்யலாம். வெளிநாட்டில் இருந்து சுயதொழிலுக்கு உதவும் ஒரு நிதியத்துக்கு விண்ணப்பம் போட்டோம். படிவத்தை நிரப்பியது நான். மின்னஞ்சல் முகவரி இல்லாமல் படிவம் நகராது என்றபடியால், சந்தியில் இருக்கும் கொமினிக்கேசன் கடைத் தம்பி ஐந்து நிமிடத்தில் ஒரு முகவரி திறந்து கொடுத்தார். கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தந்தார். அக்கா அதைக் குடும்ப அட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

அந்த நாட்கள் எப்படி இருந்தன என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிபொருள் இல்லை, பஸ் அருமை, அலுவலகங்கள் வாரத்தில் சில நாட்களே திறந்தன. அக்கா அந்தத் தூரத்தைச் சைக்கிளில்தான் வந்து போனார். நான்காம் தடவை வந்தபோது என்னிடம் கேட்கவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார். “சரி மிஸ், எங்களுக்கு எப்பவும் இப்பிடித்தானே” என்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஜூன் 24 ஆம் திகதி நான் என்னுடைய ஒரு கடிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கொழும்பில் இருந்து ஒரு தோழி அனுப்பியதாகச் சொன்ன பயிற்சிக் கையேடு வந்து சேரவில்லை. தொலைபேசியில் அவர், “ஸ்பாம் பெட்டிக்குள்ளே பாரும்” என்றார். பார்த்தேன், கிடந்தது. அப்போதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அக்காவின் மின்னஞ்சலைத் திறந்து, இடப்பக்கம் கீழே ஒளிந்திருக்கும் அந்தப் பெயரை முதற்தடவையாக அழுத்தினேன். பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும் கடிதங்கள், மருந்து விற்கும் கடிதங்கள், நடுவில் நிதியத்தின் கடிதம். அவர் தெரிவு செய்யப்பட்டிருந்தார். வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதியை 14 நாட்களுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தவணை எட்டு நாட்களுக்கு முன்னரே முடிந்திருந்தது.

அந்தக் கடிதத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தலைப்பு ஆங்கிலத்தில், வாழ்த்துச் சொல்லித் தொடங்கியது. உள்ளே ஒரு பணத்தொகை. வங்கிக் கணக்கு விபரம் கேட்டிருந்தார்கள். ஒரு கோப்பு இணைக்கப்பட்டிருந்தது. அனுப்பியவர் இதற்கு முன் அக்காவுக்கு ஒருபோதும் எழுதாதவர். ஏமாற்றுக்காரன் எழுதும் கடிதமும் இதே முகத்தோடுதான் வரும். நல்ல கடிதத்தைப் பார்த்துக் கொப்பியடித்துத்தானே அவன் கள்ளக் கடிதம் எழுதுகிறான்! நாளடைவில் நல்ல கடிதமே கள்ளக் கடிதம் மாதிரித் தெரிகிற நிலை வந்துவிட்டது.

சகோதரிகளே, கடிதங்களைப் பிரித்துப் பெட்டியில் போடுவது மனிதர் அல்லர். ஒரு கணினி நிரல்தான் அதைச் செய்கிறது. வடிகட்டி என்று வைத்துக்கொள்வோம். உலகில் ஓடும் மின்னஞ்சல்களில் ஏறத்தாழ அரைவாசி குப்பை. வடிகட்டி இல்லாவிட்டால் எங்களுடைய கடிதத்தைக் குப்பைக்குள்தான் தேட வேண்டிவரும். ஆகவே அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாததால்தான் நானும் அக்காவும் ஏமாந்தோம்.

முதலாவது குப்பை மின்னஞ்சல் என்று சொல்லப்படுவது 1978 மே 3 ஆம் திகதி அனுப்பப்பட்டது. அமெரிக்காவில் கணினி விற்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர், இன்றைய இன்ரநெற்றுக்கு முன்னோடியான வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். ஸ்பாம் என்பது தகரத்தில் அடைத்த ஒரு இறைச்சியின் வணிகப் பெயர். 1970 இல் வந்த ஒரு ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவையில் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பக் கத்தி மற்றவர்களைப் பேச விடாமல் செய்வார்கள். மற்றவர் பேச்சை அமுக்கும் கடிதத்துக்கு அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஆரம்பத்தில் வடிகட்டிகள் சில சொற்களையே பார்த்தன. 2002 இல் போல் கிரகாம் என்ற அமெரிக்கக் கணினியாளர் ஒரு கட்டுரை எழுதினார். சொல் ஒன்று இருந்தால் தள்ளு என்று கட்டளையிட வேண்டாம். குப்பைக் கடிதங்களில் எந்தச் சொல் எத்தனை தரம் வருகிறது, நல்ல கடிதங்களில் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணி, புதிய கடிதம் குப்பையாக இருக்கும் வாய்ப்பைக் கணியுங்கள் என்றார். அதற்குப் பிறகு இந்த முறை பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இப்போதைய வடிகட்டி சொற்களோடு இன்னும் பலவற்றைப் பார்க்கிறது: அனுப்பியவர் யார், அவருடைய முகவரியில் இருந்து முன்னர் என்ன வந்தது, எத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் போகிறது, பெறுபவர்கள் திறக்கிறார்களா, குப்பை என்று முறையிடுகிறார்களா. எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுகிறது. ஒரு அளவுக்கு மேலே போனால் ஸ்பாம் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறது. சில வேளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

எங்களுக்குச் சுளகு தெரியும். புடைக்கும்போது உமி பறக்கும். இன்னும் கொஞ்சம் வேகமாய்ப் புடைத்தால் சாவி நெல்லும் போகும். அதற்கு மேலும் புடைத்தால் நல்ல நெல்லும் நான்கு மணி வெளியே விழும். வெளியே விழுந்ததைக் கோழி கொத்துவதற்கு முன் குனிந்து பொறுக்க வேண்டும். அந்தக் குனிதலைத்தான் நான் அன்று செய்யவில்லை.

இதில் ஊரோடு சேர்த்துப் பிடிபடுவதும் உண்டு. ஒரு கணினி முகவரியில் இருந்து எவரோ குப்பை அனுப்பினால், அதே வழங்கியைப் பாவிக்கும் அயலவர்கள் எல்லோரும் கறுப்புப் பட்டியலுக்குள் வரலாம். சுற்றிவளைப்பு என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2004 டிசம்பரில் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் குப்பையைத் தடுப்பதற்காக ஐரோப்பாவில் இருந்து வந்த மின்னஞ்சல்களைப் பெருவாரியாக மறித்துவிட்டது. உறவினரின் கடிதமும் வியாபாரக் கடிதமும் நின்றுபோயின. வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2006 இல் நிறுவனம் இழப்பீடு கொடுக்க உடன்பட்டது.

நான் சமூகவியல் படித்தவள். பட்டப்படிப்பின் இறுதி வருட ஆய்வுக்காக வீடுவீடாகப் போய் வினாக்கொத்து நிரப்பினேன். ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் ‘பதில் இல்லை’ என்று ஒரு கூடு இருந்தது. அந்தக் கூட்டுக்குள் விழுந்தவர்களைப் பற்றி நான் ஒரு வசனமும் எழுதவில்லை. நிதியத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பட்டியலில் அக்காவின் பெயருக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று வாசித்தும் சொன்னார். ‘பதில் இல்லை.’ இடம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

அங்கே ‘பதில் இல்லை’ என்று எழுதினார்கள். இங்கே அக்காவும் மனதில் அதையேதான் எழுதி வைத்திருந்தார். எங்களுடைய பெண்கள் கடிதம் எழுதிக் களைத்தவர்கள். ஆணைக்குழுக்களுக்கு எழுதியிருக்கிறார்கள், செயலகங்களுக்கு எழுதியிருக்கிறார்கள், பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பதில் வராவிட்டால் ஏன் என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் தேய்ந்துபோயிருக்கிறது. வேறொரு இடத்தில் ஒருவர் ‘என்ன, கடிதம் கிடைக்கவில்லையா?’ என்று திருப்பி எடுத்துக் கேட்பார். எங்களுடைய அக்கா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். ஒரு கணினியின் சின்னப் பிழை இங்கே வந்து பெரிதாவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாளே அவருடைய வீட்டுக்குப் போனேன். கடிதத்தை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். நான் பார்க்காமல் விட்டது என் பிழை என்றும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, தன்னுடைய பெயர் இருக்கும் இடத்தை மட்டும் விரலால் தொட்டார்.

“அப்ப அவையள் என்னை வேண்டாமெண்டு சொல்லேல்லைத்தானே?”

“இல்லை அக்கா. எடுத்தவை.”

“எடுத்தவையோ?” என்று இன்னொரு தரம் கேட்டார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். அன்றுதான் என்னை முதன்முதலாகத் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

இப்படி நடந்தது எங்களுக்கு மட்டுமல்ல. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகம் அனுமதி முடிவுகளை மின்னஞ்சலில் அனுப்பியபோது, ஏ.ஓ.எல். சேவையைப் பாவித்த மாணவர்கள் பலருக்கு அது சேரவில்லை. குப்பை என்று தடுக்கப்பட்டுவிட்டது. அவர்களுக்குத் தபாலிலும் கடிதம் போனது. இரண்டாவது வழி ஒன்று இருந்தபடியால் பிள்ளைகள் தப்பினார்கள்.

இன்னொரு சம்பவம் எங்களுக்கு இன்னும் கிட்டியது. 2003 பெப்ரவரியில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் புதிதாகப் பூட்டிய வடிகட்டி, உறுப்பினர்களின் கடிதங்களைத் தடுக்கத் தொடங்கியது. அப்போது அங்கே பாலியல் குற்றங்கள் பற்றிய சட்டமூலம் விவாதத்தில் இருந்தது. அதைப் பற்றி எழுதிய கடிதங்களில் அந்தச் சொற்கள் இருந்தன அல்லவா, வடிகட்டிக்கு அது ஆபாசமாகப்பட்டது. வெல்ஷ் மொழியில் எழுதிய கடிதங்களும் அகப்பட்டன. சட்டம் இயற்றும் சபைக்குள்ளேயே இப்படியென்றால், தனக்கு நடந்த வன்முறையைச் சொல்லி உதவி கேட்டு எழுதும் ஒரு பெண்ணின் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். நடந்ததைச் சொல்ல வேறு சொல் இல்லை. அந்தச் சொல்லே கதவை அடைத்துவிடக்கூடும். சிறுபான்மை மொழியில் எழுதுகிறவர்களுக்கும் இந்தக் கதை தெரிந்ததுதான்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல். எங்களுடைய அலுவலகங்களில் இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதும் பழக்கம் உண்டு. அதை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினால், அந்தப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளைச் சிதறவிட்ட மாதிரித்தான் தெரியும். வாசிப்பவருக்கும் விளங்காது, வடிகட்டிக்கும் அது ஒரு மொழியாகத் தெரியாது. யுனிகோட் தமிழில் எழுதுங்கள். தலைப்பை வெறுமையாக விடாதீர்கள். ‘உதவி தேவை’, ‘அவசரம்’ என்று மட்டும் போடாமல், விண்ணப்ப இலக்கத்தையும் உங்களுடைய பெயரையும் போடுங்கள். உடம்பில் ஒரு சொல்லும் இல்லாமல் படத்தை மட்டும் இணைத்து அனுப்புவதும் சந்தேகத்தைக் கூட்டும்.

அனுப்புகிற எங்களுக்கும் இதில் பாடம் இருந்தது. மாதர் சங்கங்கள் அறுபதுக்கு ஒரே நேரத்தில் கூட்ட அறிவித்தல் அனுப்பிவிட்டு, வராதவர்களைக் குறை சொன்ன ஆள் நான். பிறகு கேட்டுப் பார்த்தால் பலருக்கு அது போய்ச் சேரவே இல்லை. சொந்த முகவரிப் பெயர் வைத்திருக்கும் நிறுவனங்கள், ‘இந்தக் கடிதம் எங்களுடையதுதான்’ என்று உறுதிப்படுத்தும் எஸ்.பி.எவ்., டி.கே.ஐ.எம். என்ற பதிவுகளைத் தங்கள் கணினியாளரைக் கொண்டு செய்விக்க வேண்டும். கடிதத் தலைப்பில் ஒப்பமும் முத்திரையும் வைப்பது மாதிரி. 2024 பெப்ரவரியில் இருந்து கூகிளும் யாகூவும் இதில் இறுக்கமாக இருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு விதிகள் இன்னும் கூட. சிறிய சங்கங்கள் இதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் முக்கியமான செய்தியை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பிவிட்டுக் கையைக் கழுவ வேண்டாம். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், தொலைபேசிச் செலவைப் பற்றிக் கணக்காளர் முறுமுறுத்தாலும்.

நீங்கள் எங்கேயாவது விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தால், வாரத்தில் ஒரு நாள் ஸ்பாம் அல்லது ஜங்க் என்ற பெட்டியையும் திறந்து பாருங்கள். கைத்தொலைபேசியில் ஜிமெயில் என்றால் மேலே இடப்பக்கம் இருக்கும் மூன்று கோடுகளை அழுத்தினால் பட்டியல் இறங்கும், அதில் கீழே இருக்கும். அங்கே விழுந்த கடிதம் 30 நாட்களில் தானாக அழிந்துவிடும். பிறகு எவராலும் எடுத்துத் தர முடியாது. உங்களுடைய கடிதம் அங்கே கிடந்தால் ‘ஸ்பாம் அல்ல’ என்பதை அழுத்துங்கள். அது இன்பொக்ஸுக்கு வரும், அடுத்த கடிதம் சரியான இடத்துக்கு வரும் வாய்ப்பும் கூடும். விண்ணப்பிக்கும்போதே அந்த நிறுவனத்தின் முகவரியை உங்களுடைய தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது. கடை முகவரி, கடைத் தம்பியின் கடவுச்சொல் என்று இருந்தால் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். தம்பி நல்லவர்தான், ஆனாலும் அது உங்களுடைய கடிதப் பெட்டி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியில் கிடப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை உண்மையான குப்பை. நான் எழுதியதை வாசித்துவிட்டுப் பரிசு விழுந்ததென்று எவரும் நம்பிவிட வேண்டாம். நீங்கள் விண்ணப்பிக்காத இடத்தில் இருந்து பணம் வராது. காணாமல் போனவரைப் பற்றிய தகவல் இருக்கிறது, முதலில் பணம் அனுப்பு என்று எவர் எழுதினாலும் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். அந்த நோவை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சந்தேகமான கடிதத்தில் இருக்கும் இணைப்பை அழுத்தாதீர்கள், அதில் இருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் எடுக்காதீர்கள். விண்ணப்பித்த நாளில் உங்களுக்குத் தந்த இலக்கத்துக்கு எடுத்து, ‘நீங்கள் எனக்குக் கடிதம் போட்டீர்களா?’ என்று கேளுங்கள். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தையும் கைத்தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டையும் உண்மையான நிறுவனம் எதுவும் கேட்காது.

அந்த நிதியம் அடுத்த வருடம் மீண்டும் விண்ணப்பம் கோரியது. அக்காவுக்குக் கிடைத்தது. அதற்கிடையில் விலை ஏறிவிட்டபடியால் புது மெசின் வாங்கக் காசு போதவில்லை. பழைய மெசின் ஒன்றைத் திருத்தி எடுத்தார். இழந்த ஒரு வருடத்துக்கு அவருடைய தோள்மூட்டுத்தான் கணக்குச் சொல்லும்.

போன மாதம் தொலைபேசி எடுத்தார். பின்னால் மெசின் இரைச்சல், ஒன்றும் கேட்கவில்லை. நிற்பாட்டிவிட்டு வந்து பேசினார்.

“தங்கச்சி, அந்தக் குப்பைப் பெட்டிக்குள்ளை ஒரு கடிதம் கிடக்கு. சின்னவளின்ரை பேர் போட்டிருக்கு. எடுக்கிறதோ, விடுறதோ?”

மகள் விண்ணப்பித்திருந்த தொழிற்பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.

“எடுங்கோ அக்கா” என்றேன்.